தவளைக்கு இரண்டு தண்ணீர்

மார்ச் 1, சனிக்கிழமை

அன்புள்ள கேப்டன் அம்மாவுக்கு,

உன் வாலு எழுதுவது. நான் நலம். அப்பா நலம். அப்பா கடைக்கு வர்ற யாருக்கும் கண் சரியா தெரியலை, அதனால மூக்குக்கண்ணாடி வியாபாரமும் நலம்.

நீ போன கடிதத்துல கேட்ட தவளையைப் பிடிச்சுட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, யாரோ ஒரு புண்ணியவான், நீ ஓட்டற அதே கிழ விமானத்தை, கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பழகற பழைய சிமுலேட்டருக்காக ஆணி ஆணியாச் செஞ்சு, இலவசமா விட்டுட்டுப் போயிருக்கார். தரையிலயும் இறங்கும், தண்ணியிலயும் இறங்கும், ரெண்டு இடத்துலயும் முனகும். எல்லாம் அப்படியே. கடைசியில ஒரு குறிப்பு: 'பிழை இருந்தால் எனக்கு எழுதவும்.' எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இப்ப இல்லையாம்.

கஷ்டம் என்னன்னா, உன் லேப்டாப்புல இருக்கிறது புது சிமுலேட்டர். அது பழைய தவளையைப் பார்த்து 'யார் நீ, எந்த ஊர்?'னு கேட்குது. முதல் தடவை ஏத்தினப்போ என்ன ஆச்சு தெரியுமா? காத்தாடி ரெண்டும் கறுப்புத் தட்டு மாதிரி நின்னுச்சு. ஜன்னல் எல்லாம் சுவர் ஆயிடுச்சு. பைலட் சீட்டு இறக்கை மேல. நீ வெளியே உட்கார்ந்து ஓட்டணும், தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக்க வசதி. படத்தை எல்லாம் வேற வகைக்கு மாத்தி, மீட்டர்களை ஒவ்வொண்ணா மறுபடி பொருத்தி, கோப்பைத் திறந்து திறந்து மூடறதுக்குள்ள என் காபிக் கோப்பை ஆறிப் போச்சு. அப்புறம் தண்ணியில இறக்கினேன். ஒரேயடியா மூழ்கிடுச்சு! வால் மட்டும் வெளியே. வாலு எப்பவும் தப்பிச்சுடும், பார்த்தியா.

ஏன் மூழ்குச்சுன்னா, தொடுபுள்ளின்னு ஒரு கோப்பு இருக்கு. விமானத்தோட எந்த இடம் தரையைத் தொடும், எந்த இடம் தண்ணியைத் தொடும்னு வரிக்கு ஒரு புள்ளியா எண்கள். வயிறு எங்க இருக்குன்னே புது சிமுலேட்டருக்குத் தெரியலை. தெரிய வச்சுட்டேன். இப்ப மிதக்குது. ஒரு நாள் பூரா எனக்குத் தண்ணி காட்டிட்டு, இப்ப தண்ணியில ஒழுங்கா உட்கார்ந்திருக்கு.

பென்டிரைவை இந்த உறையிலயே வச்சிருக்கேன். தபால் படகுல விமானம் அனுப்பற குடும்பம் நம்ம குடும்பம் ஒண்ணுதான். உங்க ஏரிக்கரைக்கு இன்டர்நெட் வரும்போது நான் பாட்டி ஆயிருப்பேன்.

பாடப் புத்தகத்துல தவளையை 'இருவாழ்வி'ன்னு போட்டிருக்கு. அதுக்கு ரெண்டு வாழ்வாம். யோசிச்சுப் பார்த்தா நீதான் இருவாழ்வி. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு.

28-ஆம் தேதி செக் கேப்டன் வந்து உன்னைப் பரிசோதிப்பார்னு எழுதியிருந்த. பாஸானா மறுபடி தவளை. இல்லைன்னா வேலை போயிடும், வீட்டுக்கு வந்துடுவ. இதை நான் ஒரு தகவலாத்தான் எழுதறேன். யார்கிட்டயும் எதுவும் வேண்டிக்கலை.

விபத்து நடந்தப்போ பேப்பர்ல வந்த படத்தை அப்பா இன்னும் கடை மேஜை டிராயர்ல வச்சிருக்கார். தவளை மல்லாந்து, சக்கரம் ரெண்டும் வானத்தைப் பார்த்து. முதல்ல அதைக் காட்டினப்போ 'மல்லாந்த கரப்பான்'னு சிரிச்சேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேன். இது உனக்குத் தெரியாது. ஒன்பது மாசம் ஆச்சு, சொல்லலாம்னு தோணுச்சு.

இப்படிக்கு,
விமானத்தின் கடைசிப் பகுதி,
வாலு


மார்ச் 5, புதன்கிழமை

அன்பு வாலுக்கு,

படகு மதியம் வந்தது, நாளைக் காலை திரும்பும். உன் தவளையை மாலைக்குள் ஏற்றிவிட்டேன். உள்ளே உட்கார்ந்து பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. இடது பக்கத்தில் பெயின்ட் உரிந்த அந்த இரும்புப் பட்டை வரைக்கும் இருக்கிறது. மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தப் பொண்ணுக்கு நம்ம கொட்டகையில வேலை போட்டுக் குடுங்க, என் தோள்பட்டைக்கும் ஓய்வு கிடைக்கும்" என்றார். விபத்தில் என்னோடு தவளையில் இருந்த அவருக்கு முறிந்த எலும்பு கூடிவிட்டது. மழை வந்தால் மட்டும் வலிக்குமாம்.

இப்போது குறை சொல்கிறேன், கேட்டுக்கொள். சக்கரத்தை ஏற்றி இறக்கும் நெம்புகோல் இத்தனை சுலபமாக நகராது. தண்ணீர் வயிற்றில் படும்போது எவர்சில்வர் அண்டாவில் சரளைக்கல்லைக் கொட்டினது போலச் சத்தம் வரும். உன்னுடையதில் பஞ்சு மூட்டையில் விழுகிற மாதிரி இருக்கிறது. முக்கியமாக அந்தத் தண்ணீரைச் சரிசெய். நிஜத் தண்ணீர் இத்தனை நல்லதில்லை.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. எனக்குக் கை நடுங்குகிறது. டம்ளரை மேஜையில் வைத்தால் சத்தம் கேட்கிறது. மெக்கானிக் அண்ணன் காதில் விழாத மாதிரி நடிக்கிறார். நடிப்பு வரவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு முறையும் கேட்டதில்லை. இறங்குவதற்கு முன்னால் நான் எப்போதும் வாய்விட்டுச் சொல்வேன்: "தண்ணீரில் இறங்குகிறேன், சக்கரம் உள்ளே." அன்று "சக்கரம்" என்று சொல்லும்போது ரேடியோவில் கூப்பிட்டார்கள். பதில் சொன்னேன். விட்ட இடத்துக்குத் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது. தலைகீழாக பெல்ட்டில் தொங்கினேன். மூக்கு வழியாக ஏரி உள்ளே வந்தது.

மறுபடி ஒரு முறை ஒழுங்காக இறங்காவிட்டால், நான் வீட்டுக்கு வந்தாலும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருப்பேன். கம்பெனியில் பழகுவதற்கு இயந்திரம் எதுவும் இல்லை. உன் தவளைதான் இருக்கிறது. சீக்கிரம் அனுப்புடி.

அன்புடன்,
அம்மா


மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தொங்கும் தோட்டத்துத் தாயாருக்கு,

தொங்கினதைப் பத்தி ஜோக் அடிக்கக் கூடாதோ? கை தானா எழுதிடுச்சு. அடிச்சா அசிங்கமா இருக்கும்னு அப்படியே விடறேன்.

ரெண்டாவது பென்டிரைவ் உள்ளே. நெம்புகோலை இறுக்கிட்டேன். சத்தத்துக்கு நிஜமாவே சரளைக்கல்லை அண்டாவுல கொட்டிப் பதிவு பண்ணினேன். கீழ்வீட்டு டீச்சர் மேல வந்து, "வீடு இடிஞ்சா சொல்லிட்டு இடிங்க"ன்னாங்க. தண்ணியையும் சரி பண்ணிட்டேன். நல்ல முரட்டுத் தண்ணி. நீதானே நிஜத் தண்ணி நல்லதில்லைன்னு எழுதின?

முன்னாடி ஒரு சமாசாரம் நடந்தது, திட்டாதே. உங்க கம்பெனி ஆபீஸுக்குப் போன் பண்ணி, குரலைக் கரகரன்னு வச்சுக்கிட்டு, "ஏரித் துறை அதிகாரி பேசறேன். உங்க ஏரியில அனுமதி இல்லாம ஒரு தவளை வளர்க்கறீங்களாமே"ன்னேன். அந்த கிளார்க் பாவம், பத்து நிமிஷம் மரியாதையா விளக்கம் குடுத்தார். தவளைக்கு என்ன வயசுன்னு கேட்டப்பதான் புரிஞ்சுது அவருக்கு. அப்பா, "விமானம் ஓட்டற வீட்டோட மானத்தை ஓட்டறியே"ன்னார். அப்பாகூட சொல்வித்தை காட்டறார், காலம் கெட்டுப் போச்சு.

அம்மா, இந்தத் தண்ணியில இறங்க வரலைன்னா மனசை விட்டுடாதே. இல்லை, விட்டுடு. அதாவது, வரலைன்னா வரலை. உனக்குத் தண்ணியில இறங்கறது தண்ணி பட்ட பாடுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வயசு, கை, எல்லாம் இருக்கு. யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அலமாரியில உன் பக்கத்தை அப்பா காலி பண்ணி, பழைய பேப்பர் விரிச்சு வச்சிருக்கார். எதுக்குன்னு கேட்டா "தூசி"ங்கறார்.

கை நடுங்கற விஷயம் நான் யார்கிட்டயும் சொல்லலை. படிச்சுட்டு எனக்கும் கொஞ்ச நேரம் நடுங்குச்சு. தொத்து வியாதி போல.

இப்படிக்கு,
ஆடாத
வாலு


மார்ச் 19, புதன்கிழமை

என் தங்கத்துக்கு,

போன வாரப் படகில் எழுத முடியவில்லை. ஏன் என்று இப்போது சொல்லலாம்.

முதல் மூன்று நாளில் உன் புதுத் தண்ணீரில் முப்பத்தெட்டு முறை இறங்கினேன். முப்பத்தோரு முறை குட்டிக்கரணம். வயிறு தண்ணீரைத் தொட்டதும் மூக்கு மேலே துள்ளும், கீழே குத்தும், அதைவிட மேலே துள்ளும். மூன்றாவது துள்ளலில் எல்லாம் முடிந்துவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை மெதுவாகப் பின்னால் பிடித்துக்கொண்டு இரு என்றுதான் இருபது வருடம் முன்னால் சொல்லிக்கொடுத்தார்கள், இருபது வருடமும் அப்படித்தான் இறங்கினேன். இதில் அது எடுபடவில்லை. வெள்ளிக்கிழமை கொட்டகையில் பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்து அழுதேன். மெக்கானிக் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்கள்.

அவர்தான் ஒன்று சொன்னார். "கவிழ்ந்த பிறகு வயித்துக்கு அடியில புதுத் தகடு போட்டிருக்கோமே கேப்டன், எடை கொஞ்சம் மாறியிருக்கும். தவளை பழைய தவளையா இருக்காது." அப்போதுதான் எனக்கு உறைத்தது. தகட்டைப் பற்றி முன்பே உனக்கு எழுதியிருந்தேன், அதையும் நீ கணக்கில் சேர்த்திருப்பாய்; பழைய பழக்கம் என் கையில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேறு மாதிரி செய்து பார்த்தேன். வயிறு தொட்ட அடுத்த கணம் ஸ்டிக்கைச் சட்டென்று முன்னால் தள்ளி, மூக்கை அமுக்கிப் பிடித்தேன். துள்ளவில்லை! மறுபடி செய்தேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, வாலு! அன்றிலிருந்து இன்றுவரை தொண்ணூறு முறை இறங்கிவிட்டேன். இப்போது யோசிக்கவே வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் கை தானாக முன்னால் போகிறது.

கை நடுங்குவது நின்றுவிட்டது. உன்னால்தான். செக் கேப்டன் முன்னால் இப்படித்தான் இறங்கப்போகிறேன்.

அப்பாவிடம் அலமாரியில் தூசி இருந்தால் இருக்கட்டும் என்று சொல்.

முத்தங்களுடன்,
அம்மா


மார்ச் 22, சனிக்கிழமை

அம்மா, தள்ளாதே.

முதல்ல இதைப் படி. ஸ்டிக்கை முன்னால தள்ளாதே. தொட்டதும் பின்னால பிடி, இருபது வருஷமா பிடிச்ச மாதிரியே பிடி. உன் கை சரி. தகடு ஒண்ணும் பண்ணலை. தண்ணிதான் பொய்.

நான்தான் பண்ணினேன். கோப்புல ரெண்டு எண். விமானத்தோட எடை சமமா நிக்கற நடுப்புள்ளியை ஒரு முழம் பின்னால தள்ளினேன், வயிறு தண்ணியைத் தொடற புள்ளியை முன்னால இழுத்தேன். அப்படிப் பண்ணினா எந்தக் கொம்பன் இறக்கினாலும் துள்ளும். உன்னால முடியலைன்னு உனக்கே தோணணும், நீயா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடணும், அவ்வளவுதான் என் கணக்கு. நீ தோத்துட்டு வருவேன்னு நினைச்சேன். ஜெயிக்க ஒரு வழி கண்டுபிடிப்பேன்னு நினைக்கவே இல்லை. உன் மகளா இருந்துக்கிட்டு எனக்கு இது தோணலை பாரு.

சரியான கோப்பு என்கிட்ட 'நல்ல தண்ணி'ன்னு தனியா இருக்கு. உன் கடிதத்தைப் படிச்சதும் அதைத் திறந்து, நீ சொன்ன மாதிரி தொட்டதும் தள்ளிப் பார்த்தேன். மூக்கு நேரா உள்ள போச்சு. அப்படியே கரணம். மறுபடி. ஒன்பது தடவை பண்ணினேன், ஒன்பதும் மல்லாந்துச்சு. ஒன்பதாவது தடவை சிமுலேட்டர் அப்படியே நின்னு, சக்கரம் ரெண்டும் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. என்னால திரையை அணைக்க முடியலை. பிளக்கைப் பிடுங்கினேன்.

படகு 26-ஆம் தேதி வரும். பரிசோதனை 28. ரெண்டு நாள் இருக்கு. ரெண்டு நாள் போதும்தானே? தொண்ணூறு தடவை பழகின கை ரெண்டு நாள்ல மறக்குமா? மறந்துடும்னு எழுது. இல்லைன்னா பரிசோதனையைத் தள்ளிப் போடச் சொல்லு. அந்தத் 'தள்ளி'யை ரெண்டு தடவை அடிச்சுட்டுத்தான் எழுதினேன்.

உங்க கரையில ஆபத்துக்கு மட்டும் வச்சிருக்கற போனுக்கு ஆபீஸ் வழியாத்தான் பேச முடியும், அதனால படகுக்குக் காத்திருக்காம ஆபீஸுக்கும் போன் பண்ணினேன். அதே கிளார்க். "சார், அவசரம், கேப்டனுக்கு ஒரு செய்தி சொல்லணும்"னேன். "யாரு, ஏரி அதிகாரி மேடமா? இன்னிக்கு என்ன, மீனுக்கு லைசென்ஸா?"ன்னார். "சார், நிஜமா"ன்னேன். "தவளைக்குக் கல்யாணம்னா பத்திரிகை அனுப்பும்மா"ன்னு வச்சுட்டார். மறுபடி பண்ணினேன், எடுக்கலை. மூணாவது தடவை அழுதேன். "நல்லா அழறே, நடிக்கப் போ"ன்னார். நாளைக்கு ஞாயிறு, ஆபீஸ் மூடியிருக்கும்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை.

கோபமா இருப்ப. இரு. எவ்வளவு வேணா இரு. தள்ள மட்டும் தள்ளாதே.

வாலு


மார்ச் 24, திங்கட்கிழமை
அப்பா கடையிலிருந்து

அம்மா,

இது சனிக்கிழமைக் கடிதத்தோட சேர்ந்தே உனக்கு வரும். நீ ரெண்டையும் படிக்கற மாதிரி நினைச்சுக்கிட்டுத்தான் எழுதறேன். வேற மாதிரி நினைக்க மாட்டேன்.

காலையில கடை திறந்ததும் அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் ஒரு ஃபிரேமுல லென்ஸ் பொருத்திக்கிட்டு இருந்தார். நான் முழுசா சொல்லி முடிச்சேன். அவர் லென்ஸை முழுசா பொருத்தி முடிச்சார். துடைச்சார், டப்பாவுல வச்சார், மூடினார். அப்புறம் போனை எடுத்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நிக்கறதுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கும்.

கிளார்க் அப்பா குரலுக்கு மரியாதை குடுத்தார். ஆனா அவர் சொன்னதைக் கேட்டு அப்பா உட்கார்ந்துட்டார். வாரக் கடைசியில காத்து மோசமா இருக்குமாம். அதனால செக் கேப்டன் நேத்தே வந்துட்டாராம். பரிசோதனை 28 இல்லையாம். இன்னிக்காம். ஒன்பது மணிக்கே தண்ணிக்குப் போயிட்டாங்களாம்.

"ரேடியோவுல சொல்லுங்க"ன்னார் அப்பா. "கரையில ரேடியோ, ஆபத்துப் போன் ரெண்டையும் பார்க்கறது மெக்கானிக்தான், அவர் இப்ப காப்பாத்தற படகுல ஏரி நடுவுல நிக்கறார் சார். விமானத்தைக் கூப்பிட்டுப் பார்க்கறேன்"னார். அப்பா போனைக் காதுல வச்சபடியே இருந்தார். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்துச்சு. ரேடியோவுல கூப்பிட்டாங்க, பதில் சொன்னேன், விட்ட இடத்துக்குத் திரும்பி வரலைன்னு எழுதியிருந்தியே. அப்பா கையைப் பிடிச்சு, "கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க, இறங்கற நேரமா இருந்தா?"ன்னு கத்தினேன். கடையில ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தார், கழட்டி வச்சுட்டார். அப்பா, "கூப்பிடாதீங்க சார்"னார். அது சரியா தப்பான்னு எனக்கு இப்பவும் தெரியலை. அப்பாவுக்கும் தெரியலை.

ஒன்பது நாற்பது. பெரியவர் போயிட்டார். கண்ணாடி வாங்கலை.

பத்து இருபது. அப்பா கண் பரிசோதிக்கற பலகையில இருக்கற எழுத்தையெல்லாம் மேலேருந்து கீழே படிக்கறார். சத்தமா இல்லை. உதடு மட்டும்.

பதினொண்ணு. சுவத்துல மாட்டியிருக்கற கண்ணாடியில எல்லாம் நான்தான் தெரியறேன். எத்தனை நான்.

பதினொண்ணு பத்து. போன் வந்துச்சு. "ரெண்டு பேரும் கரைக்கு வந்துட்டாங்க. அதுக்கு மேல என்கிட்ட தகவல் இல்லை"ன்னார். கரைக்கு எப்படி வந்தாங்க, நடந்தா, தூக்கிட்டா? அப்பா கேட்டார். "கரைக்கு வந்துட்டாங்கன்னுதான் சார் சொன்னாங்க"ன்னார்.

தபால் வண்டி வர்ற நேரம். ஒட்டறேன்.

வாலு


மார்ச் 26, புதன்கிழமை

மகளுக்கு,

உன் இரண்டு கடிதமும் இன்று ஒரே பையில் வந்தன. தேதி பார்த்து வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் படித்தேன்.

நடந்தே கரைக்கு வந்தேன். அதை முதலில் தெரிந்துகொள்.

சக்கரம் உள்ளே என்று முழுசாகச் சொன்னேன். வாழ்நாளில் இத்தனை அழகாக நான் இறங்கி வந்ததில்லை. வயிறு தொட்டது. சரளைக்கல் சத்தம் கேட்டது. என் கை முன்னால் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. மூக்கு உள்ளே இறங்கியது, கண்ணாடி முழுக்கப் பச்சையாகிவிட்டது. பெல்ட் தோளை அறுத்தது. செக் கேப்டன் தன் பக்கத்து ஸ்டிக்கை மார்போடு சேர்த்து இழுத்து, என்ஜினை மூடினார். தவளை ஒரு பக்கமாகச் சுழன்று, தண்ணீரை வாரிப் போட்டுவிட்டு நின்றது. கவிழவில்லை. கண்ணாடியில் வெளிச்சம் திரும்பி வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

அவர் தன் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு, "இதை யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். "நானாகப் பழகிக்கொண்டது" என்றேன். அப்போது அது உண்மை என்றுதான் நினைத்தேன். இன்று மதியம் படகு வந்த பிறகுதான் பொய் என்று தெரிந்தது. திருத்தப் போவதில்லை. மூன்று வாரம் இன்னொரு பைலட் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கித் தரவேண்டும், பிறகு மறுபடி பரிசோதனை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் என்னை வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம்.

கோபமா என்று நீ கேட்கவில்லை, இரு என்று உத்தரவு போட்டிருக்கிறாய். இருக்கிறது. இரண்டு எண்ணை மாற்றினதற்காக மட்டும் இல்லை. கை நடுங்குகிறது என்று உன்னிடம் மட்டும் எழுதினேன். அந்தக் கடிதம் கையில் இருக்கும்போது நீ அந்த எண்களை மாற்றியிருக்கிறாய்.

'வந்துடு அம்மா' என்று எழுதியிருக்கலாமே வாலு. நான் வந்திருக்க மாட்டேன். ஆனாலும் எழுதியிருக்கலாம். ஒன்பது மாதமாகக் கரப்பான், கோப்பை, தண்ணி காட்டிச்சு என்று எத்தனை எழுதினாய். அந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் போய்விட்டது.

நான் இங்கேதான் இருக்கப்போகிறேன். இனிமேல் பென்டிரைவ் அனுப்பாதே. மெக்கானிக் அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உன்னைப் பற்றிப் பெருமையாகவே பேசிக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

கொஞ்ச நாளைக்கு உனக்கு எழுத முடியாது. எழுத உட்கார்ந்தால் பச்சையாகத் தெரிகிறது. அப்பாவுக்கு எழுதுகிறேன். நீ எழுதினால் படிப்பேன் என்று நினைக்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 17, வியாழக்கிழமை

அம்மாவுக்கு,

இது நாலாவது கடிதம். முதல் மூணுக்குப் பதில் வரலை, வரணும்னு எழுதவும் இல்லை. அப்பாவுக்கு வந்த உன் கடிதங்களை அவர் சட்டைப் பையில வச்சுக்கறார். எனக்குப் படிச்சுக் காட்டலை. நானும் கேட்கலை. துவைக்கும்போது எடுத்து வச்சுட்டு, மறுபடி பையிலயே போட்டுடறேன். பிரிக்கறதில்லை.

இன்னிக்கு ஒன்பது மணிக்கு உனக்கு மறுபடி பரிசோதனைன்னு அப்பா சொன்னார். அவர் கடையை வழக்கம்போல திறந்துட்டார். நான் உள்பக்கம் ஸ்டூல்ல உட்கார்ந்து எழுதறேன். லீவுதான்.

ஒன்பது பத்து. நான் ஒண்ணும் பண்ணலை. ஆபீஸுக்குப் போன் பண்ணலை. அந்த கிளார்க்குக்குப் போன வாரம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன், நிஜப் பேர் போட்டு. அது வேற. இன்னிக்கு ஒண்ணும் பண்ணலை.

ஒன்பது அரை. ஒண்ணும் பண்ணாம இருக்கறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாது. ஒரு ஜோக் தொண்டை வரைக்கும் வருது. வந்தா கொஞ்சம் லேசா இருக்கும். எழுதலை.

பத்து. ஒரு அம்மா சின்னப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவனுக்கு முதல் கண்ணாடி. போட்டதும் தெருவைப் பார்த்துட்டு, "அந்த மரத்துல இலை எல்லாம் தனித்தனியா இருக்கு"ன்னான். அப்பா சிரிச்சார். மூணு வாரத்துல முதல் தடவை. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டார்.

பத்து அஞ்சு. வந்துடு அம்மா. நீ வர மாட்டேன்னு தெரியும். எழுதியிருக்கலாமேன்னு சொன்னியே, அதான் எழுதறேன். வந்துடு அம்மா. பயமா இருக்கு. உன் கை முன்னால போயிடுமோன்னு பயமா இருக்கு. நான் போட்ட பழக்கம் இன்னும் எங்கயாவது மிச்சம் இருக்குமோன்னு பயமா இருக்கு. தூங்கி எழுந்தா முதல் நினைப்பு அதுதான், பல் தேய்க்கும்போதும் அதுதான்.

பத்து முப்பத்தஞ்சு. போன். அப்பா எடுத்தார். கேட்டார். என்கிட்ட நீட்டினார்.

நீ பேசினதை நீயே மறுபடி படிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை, எழுதி வச்சுக்கறேன். எனக்கு வேணும்.

"நான்தான்டி."

"இறங்கிட்டியா?"

"ஆறு தடவை."

"கை?"

"முதல் தடவை கொஞ்சம் யோசிச்சுது. அப்புறம் வந்துடுச்சு."

"அப்போ முடிஞ்சுதாம்மா? எல்லாம் முடிஞ்சுதா?"

"எங்க முடியறது? நாளைக்கு மருந்துப் பெட்டி ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போகணும்."

ஆபத்துக்கு மட்டும் வச்சிருக்கற போன்ல நிமிஷம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் நான், "பயமா இருக்கும்மா"ன்னேன். "எனக்கும்தான்டி"ன்னு சொன்ன. யாரோ கூப்பிட்டாங்க. வச்சுட்ட.

அப்பா கடையைச் சாத்திட்டுச் சாப்பிடப் போலாம்னார். பதினொண்ணு கூட ஆகலை. சாத்திட்டார்.

நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவேன்னு கேட்க மறந்துட்டேன். தெரிஞ்சிருந்தா அந்த நேரத்துக்கு மட்டும் பயந்திருப்பேன். இப்ப நாளைக்குப் பூரா பயப்படணும். சரி, பயந்துக்கறேன். நீ போயிட்டு வா.

உன்
வாலு